ஆபரேஷன் முடிந்தவர்களுக்குச் சாத்துக்குடிச் சாறு நல்லதா, கெடுதலா? எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

மேலமாசி_மீனா
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஸ்லீவ் எனப்படும், இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம் நடக்கிறது. நீராகாரக் கட்டம் தாண்டி, கூழ் பதம் தாண்டி, இப்போது குழைந்த சாதமும் மசித்த பருப்பும் மூன்று நான்கு கரண்டி இறங்குகிறது. உடம்பு பரவாயில்லை. வீடுதான் பாடாய்ப் படுத்துகிறது.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு பை சாத்துக்குடியோடு வருகிறார்கள். பிரிட்ஜில் பால் வைக்க இடமில்லை. மாமியார் தினமும் பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் பிழிந்து கொண்டுவந்து நிற்கிறார். டிஸ்சார்ஜ் தாளில் "சர்க்கரை சேர்த்த பானங்களைத் தவிர்க்கவும்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. "நான் ஒரு சிட்டிகைகூடச் சர்க்கரை போடவில்லையே, வெறும் பழம்தானே" என்கிறார் அத்தை. என்னிடம் பதில் இல்லை. போதாக்குறைக்கு என் வீட்டுக்காரர் புது மிக்சி வாங்கி வைத்துக்கொண்டு ஸ்மூத்தி போட்டுத் தருகிறேன் என்று துடிக்கிறார். புதன்கிழமைதான் உணவியல் ஆலோசகரைப் பார்க்கப் போகிறேன். அதற்குள் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இயற்கைவழி
தாராளமாகக் குடியுங்கள் சகோதரி. பழச்சாறு இயற்கை தந்த அமிர்தம். டப்பாவில் அடைத்து விற்கும் புரதப் பொடியைக் குடிக்கச் சொல்கிறவர்கள், மரத்தில் பழுத்ததைக் குடிக்காதே என்கிறார்கள். இது என்ன நியாயம்? காலையில் அருகம்புல் சாறு, பதினொரு மணிக்குச் சாத்துக்குடி, மாலையில் ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றும் சேர்த்த ஏபிசி ஜூஸ். ஒரே மாதத்தில் ரத்தம் ஊறும். உங்கள் மாமியார் சொல்வதே சரி.

கோவை_பைபாஸ்
இயற்கைவழி ஐயா, நீங்கள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரா? செய்துகொண்டிருந்தால் இவ்வளவு தாராளமாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

நான் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவன், இதய பைபாஸ் அல்ல. சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், "சர்க்கரை இல்லை, வெறும் பழம்" என்று சொல்லித்தான் ஒரு டம்ளர் திராட்சைச் சாறு கொடுத்தார்கள். குடித்துக் கால் மணி நேரம் ஆகவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்தது, வயிற்றைப் பிசைந்தது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் மாடியறையில் பாய் விரித்துப் படுத்துக் கிடக்கிறேன். மாரடைப்பு என்று நினைத்து என் மனைவி அழுதேவிட்டாள். அரை மணி நேரத்தில் தானாக அடங்கியது. பிறகுதான் டாக்டர் சொன்னார், இதற்கு டம்பிங் என்று பெயராம்.

இயற்கைவழி
அந்தச் சாற்றில் சர்க்கரை கலந்திருப்பார்கள். விசேஷ வீட்டில் யார் உண்மை சொல்கிறார்கள்? வீட்டில் பிழிந்தால் ஒன்றும் செய்யாது. இல்லையென்றால் நல்ல ஜூஸ் கடையில் "சர்க்கரை வேண்டாம்" என்று சொல்லி வாங்கலாம்.

ஜூஸ்கடை_பாண்டியன்
இந்த இடத்தில் நான் வாயைத் திறக்காவிட்டால் பாவம் வந்து சேரும்.

பல வருடம் மதுரையில் ஜூஸ் கடை நடத்தியவன் நான். இப்போது நானும் ஸ்லீவ் செய்துகொண்டவன். கடை மச்சானிடம் இருக்கிறது. "சர்க்கரை வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் கடைப் பையன் வெள்ளைச் சர்க்கரை டப்பாவைத் தொடமாட்டான், உண்மை. ஆனால் கல்லாவுக்குக் கீழே பாகு கேன் ஒன்று இருக்கும். சாத்துக்குடி புளிக்கிற பருவத்தில் அதிலிருந்து அரைக் கரண்டி கை தன்னால் ஊற்றிவிடும். ஊற்றாவிட்டால் "என்னப்பா புளிக்கிறது" என்று வாடிக்கையாளர் டம்ளரைத் திருப்பி வைப்பார். ஊற்றுகிறவனுக்கே அது சர்க்கரை என்று தோன்றாது. மில்க் ஷேக் என்றால் கேட்கவே வேண்டாம். சப்போட்டாவும் உறைந்த பாலும் ஒரு பங்கு, இனிப்பு ஒரு பங்கு. ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்பது கடைக்காரனுக்கும் தெரியாது. ஆபரேஷன் ஆன உடம்புக்கு அது தனிக் கவலை.

சரி, பாகே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று பழம், சாறு வற்றிய பழமாக இருந்தால் நான்கு. மீனா, இப்போது உங்களால் நான்கு சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாகச் சாப்பிட முடியுமா? நாலு சுளையிலேயே வயிறு போதும் என்று சொல்லிவிடும். அதே நாலு பழத்தைப் பிழிந்து கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் காலி. அத்தையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

உணவியல்_அக்கா
பாண்டியன் அண்ணன் விஷயத்தின் நடுவில் கை வைத்துவிட்டார். நான் மருத்துவர் அல்ல. இந்த வகை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. நான் எழுதுவதற்கும் உங்கள் மருத்துவமனை தந்த தாளுக்கும் வேறுபாடு இருந்தால் தாள் சொல்வதையே கேளுங்கள்.

ஸ்லீவில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக்கிவிடுகிறார்கள். இரைப்பையின் கடைவாயில் இருக்கும் வால்வு அப்படியே இருக்கும். பைபாஸில் ஏறக்குறைய 30 மில்லி பிடிக்கும் சின்னப் பையை உருவாக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். நடுவில் வால்வு கிடையாது. சர்க்கரைக் கரைசல் எதுவாக இருந்தாலும், வீட்டில் பிழிந்ததோ கடையில் வாங்கியதோ, தடையில்லாமல் சிறுகுடலில் போய் விழும். அதை நீர்க்கச் செய்யக் குடல் சுற்றியிருக்கும் ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுக்கும். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் அதன் விளைவுதான். ஆகவே கோவை நண்பர் குடித்த திராட்சைச் சாற்றில் சர்க்கரை கலந்திருந்தார்களா இல்லையா என்று ஆராய வேண்டியதில்லை. திராட்சையே போதும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு டம்பிங் குறைவு. வரவே வராது என்று சொல்லமாட்டேன்.

"சர்க்கரை போடவில்லையே" என்ற அத்தையின் கேள்வி நியாயமானது. அதற்கு உலக சுகாதார நிறுவனமே பதில் சொல்லியிருக்கிறது. 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதலில், தேனையும் பழச்சாற்றையும் நாம் தனியாகச் சேர்க்கும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறது. முழுப் பழத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 200 மில்லி சாத்துக்குடிச் சாற்றில் ஏறக்குறைய நான்கு தேக்கரண்டி சர்க்கரை இருக்கும். புரதம் ஒரு கிராமை ஒட்டித்தான்.

எனக்கு அந்த இரண்டாவது கணக்குதான் பெரிய கவலை. உங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். தண்ணீரும் மற்ற பானங்களும் சேர்த்து ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். இரண்டையும் அந்தச் சின்னக் குழாய் வழியாக, மடக்கு மடக்காக, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் விட்டு, ஒரே பகலுக்குள் முடிக்க வேண்டும். இடம் அவ்வளவு நெருக்கடி. அதில் ஒரு டம்ளர் சாறு புகுந்துகொண்டால் அன்றைய முட்டையோ தயிரோ வெளியே நிற்கும். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். முடி கொட்டுவது வேகமாகும்.

சாறு விஷம் என்று நான் சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்த ஓரிரு நாட்களில் தெளிந்த நீராகாரம் தரும்போது, வடிகட்டிய ஆப்பிள் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சில மருத்துவமனைகளே கொடுக்கின்றன. உடம்பில் நீர் வற்றாமல் இருக்க அது உதவும். அந்தக் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். மேலும் முதல் வாரங்களில் புளிப்புச் சாறு பலருக்கு நெஞ்செரிச்சலைக் கிளப்பும். ஆசைக்காக என்றால், இரண்டு மேசைக்கரண்டிச் சாற்றை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, சிட்டிகை உப்புப் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு மடக்கு மடக்காகக் குடியுங்கள். பைபாஸ்காரர்கள் அதையும் தங்கள் ஆலோசகரிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

மேலமாசி_மீனா
அக்கா, மிக்க நன்றி. நாலு பழக் கணக்கை அத்தையிடம் சொன்னேன். "சரி, அப்படியானால் இரண்டு பழம் பிழிகிறேன்" என்றார். முன்னேற்றம்தான்.

இப்போது வீட்டுக்காரரின் விஷயம். அவர் எழுதி வைத்திருக்கும் ஸ்மூத்தி: ஒரு கைப்பிடி பாலக் கீரை, பத்துப் பாதாம், ஒரு வாழைப்பழம், நான்கு பேரீச்சை, ஒரு மேசைக்கரண்டி தேன், ஓட்ஸ், தண்ணீர். நார்ச்சத்தெல்லாம் அப்படியே இருக்கிறதே, சாற்றை விட இது நல்லதுதானே என்று கேட்கிறார்.

யாழ்_கனடா
மீனா தங்கச்சி, அந்தத் துண்டுச் சீட்டைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

நான் யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோவில் இருக்கிறேன். பைபாஸ் செய்து சில வருடங்கள் ஆகின்றன. இங்கே வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் பச்சை நிறத்தில் ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டுதான் ரயில் ஏறுவார்கள். நானும் அப்படித்தான் பாலக்கும் பாதாமும் அடித்துக் குடித்துக்கொண்டிருந்தேன். எடை நன்றாகவே இறங்கியது. ஒரு நாள் இரவு விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு ஒரு வலி இறங்கியது. பிள்ளைப்பேற்றில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. சிறுநீரகக் கல். கல்லைப் பரிசோதித்துவிட்டு, கீரையில் இருக்கும் ஆக்சலேட் என்ற உப்பு என்றார்கள். நான் என்ன குடிக்கிறேன் என்று அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. கீரை மருந்தென்று கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாங்கள்.

உணவியல்_அக்கா
கனடாத் தோழி சொல்வதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பைபாஸ் செய்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய இடம் இது.

பாலக், பீட்ரூட், பாதாம் மூன்றிலும் ஆக்சலேட் அதிகம். சாதாரணக் குடலில் உணவிலுள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும், மலத்தோடு போய்விடும். பைபாஸுக்குப் பிறகு கொழுப்பு முழுதாகச் செரிக்காது. செரிக்காத கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, ஆக்சலேட் தனியாளாக ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகும். அங்கே கல்லாகலாம், மோசமானால் சிறுநீரகத்தையே பழுதாக்கலாம். முன்பு பைபாஸ் செய்துகொண்ட அமெரிக்கப் பெண் ஒருவர், உடம்பைச் சுத்தப்படுத்துகிறேன் என்று பச்சை ஸ்மூத்தி குடித்ததில் சிறுநீரகம் செயலிழந்து போனது 2018இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அவர் அதற்குச் சற்று முன் நீண்ட நாள் ஆன்டிபயாடிக்கும் எடுத்திருந்தார். நமக்குப் பக்கத்திலேயே கேரளத்தில், கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிப் பிலிம்பிக்காய் என்ற புளிப்புக் காயின் சாற்றைக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் பழுதானதை 2013இல் எழுதினார்கள். அவர்கள் எடைக் குறைப்புச் சிகிச்சை செய்துகொண்டவர்கள்கூட அல்ல. அதுவும் ஆக்சலேட்தான், அதுவும் பச்சையாகப் பிழிந்த சாறுதான்.

இரண்டிலும் செய்முறையைக் கவனியுங்கள். கீரையை வேகவைத்து நீரை வடித்தால் ஆக்சலேட்டில் கணிசமான பகுதி அந்த நீரோடு போய்விடும். கூட்டாகச் செய்து தயிர்ச் சாதத்தோடு சாப்பிட்டால் தயிரின் கால்சியம் மிச்சத்தைப் பிடிக்கும். பச்சையாக அரைத்துத் தண்ணீரில் கலக்கினால் இந்த இரண்டு வழியும் அடைபட்டுவிடுகிறது. மேலும் ஒரு மனிதர் ஒரு வேளையில் சமைத்துச் சாப்பிடக்கூடிய கீரையை விடப் பல மடங்கு மிக்சிக்குள் அடங்கிவிடும். நெல்லிக்காய்ச் சாற்றையும் அளவில்லாமல் குடிக்காதீர்கள். மிதமிஞ்சிய வைட்டமின் சி-யில் ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட்டாகவே மாறும்.

மீனாவுக்கு ஸ்லீவ் என்பதால் இந்த ஆபத்து குறைவு. ஆனால் அந்தச் சீட்டில் பேரீச்சை, வாழைப்பழம், தேன் மூன்றும் சேர்ந்து 50 கிராமுக்கு மேல் சர்க்கரை வருகிறது. நார்ச்சத்து இருப்பது உண்மைதான். 50 கிராம் இருப்பதும் உண்மைதான்.

இயற்கைவழி
எங்கள் ஆத்தா தினமும் கீரை தின்று தொண்ணூறு வயது வரை களை எடுத்தவர். எல்லாவற்றுக்கும் பயம் காட்டினால் மனிதன் எதைத்தான் சாப்பிடுவது? வாழைத்தண்டுச் சாறு கல்லையே கரைக்கும் என்பார்கள், தெரியுமா?

ஜூஸ்கடை_பாண்டியன்
உங்கள் ஆத்தா கீரையைக் கடைந்து சாப்பிட்டார் ஐயா, மிக்சியில் அடித்துக் குடிக்கவில்லை. அவருக்குக் குடலை மாற்றித் தைக்கவும் இல்லை. ஆத்தாவை இந்த வழக்கில் இழுக்காதீர்கள்.

கோவை_பைபாஸ்
உடனே வருகிற டம்பிங்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று இருக்கிறது. அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இனிப்பான பானம் குடித்து ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை தடாலென்று இறங்குவது. வேகமாக ஏறிய சர்க்கரைக்கு உடம்பு அள்ளிக் கொட்டும் இன்சுலின் அளவுக்கு மிஞ்சிப்போய்விடுகிறதாம். கை நடுங்கும், கண் இருட்டும், பேச்சு குழறும். எனக்கு இது ஆபரேஷன் ஆகி ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் தொடங்கியது. இனி நமக்கு ஒன்றும் இல்லை என்று தைரியம் வந்து, கரும்புச்சாற்றுக் கடையில் நிற்கத் தொடங்கும் காலம் அது. பைக் ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உணவியல்_அக்கா
சரியாகச் சொன்னீர்கள். இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது: குளுக்கோமீட்டரில் அளவு 70க்குக் கீழே காட்டினால் அப்போது சாறுதான் மருந்து. அரை டம்ளர், அதாவது ஏறக்குறைய 120 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நிமிர்ந்ததும் முட்டையோ பன்னீரோ சுண்டலோ கொஞ்சம் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் குடித்த சாறே அடுத்த இறக்கத்துக்கு வழி செய்யும். அடிக்கடி வந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் மாத்திரை தொடர்கிறவர்கள் அளவைக் குறைக்க வேண்டுமா என்று உடனே கேளுங்கள்.

ஸ்மூத்தி வேண்டும் என்கிறவர்களுக்கு நான் எழுதித் தருவது: சமன்படுத்திய பால் 150 மில்லி, வே எனும் பால் புரதப் பொடி ஒரு கரண்டி, பழம் என்றால் கால் கப் பப்பாளி அல்லது பாதி ஏலக்கி வாழைப்பழம். தேனும் பேரீச்சையும் கிடையாது. இதில் 25 கிராமுக்குக் குறையாமல் புரதம் கிடைக்கும். பொடி பிடிக்கவில்லை அல்லது கட்டுபடியாகவில்லை என்றால் கெட்டித் தயிர் 150 கிராமோடு பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி அடித்துக்கொள்ளலாம். 8 கிராம் வரை வரும், மிச்சத்தை முட்டையிலும் பருப்பிலும் தேட வேண்டும். சிலருக்குப் பைபாஸுக்குப் பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பும்; அவர்கள் லாக்டோஸ் நீக்கிய பாலோ சோயா பாலோ எடுக்கலாம். பழ விதை, தோல் துணுக்கு இல்லாமல் வடிகட்டுங்கள்.

மெல்லக்கூடிய கட்டத்துக்கு வந்த பிறகும் மூன்று வேளையும் ஸ்மூத்தியே குடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. திரவம் சீக்கிரம் வழுக்கி இறங்கிவிடும். திடஉணவு கொடுக்கும் நிறைவு அதில் கிடைக்காது. இரண்டு மூன்று வருடம் கழித்து எடை மறுபடி ஏறி வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினால், தட்டில் தப்பு இருக்காது, டம்ளரில் இருக்கும்.

யாழ்_கனடா
ஒரு சின்னக் கேள்வி. இரும்புச்சத்து மாத்திரையை நான் ஸ்மூத்தியோடு விழுங்குகிறேன். சரியா?

உணவியல்_அக்கா
பால் அல்லது தயிர் சேர்ந்த ஸ்மூத்தி என்றால் வேண்டாம். கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். தேநீரோடும் வேண்டாம். எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு விழுங்குங்கள், அந்தப் புளிப்பு இரும்பை ஏற்றிவிட உதவும். உங்களுக்குக் கால்சியம் சிட்ரேட் வகைதானே தந்திருக்கிறார்கள்? கல் வந்தவர் என்பதால் அதை உணவோடு சேர்த்து எடுக்கலாமா என்று அடுத்த முறை கேளுங்கள்.

மேலமாசி_மீனா
புதன்கிழமை போய்வந்தேன். அத்தையையும் அழைத்துப் போனேன். ஆலோசகர் என்னிடம் பேசவே இல்லை, முழுக்க அத்தையிடமே பேசினார். 30 மில்லி மருந்துக் குப்பி ஒன்றை மேசையில் வைத்து, "அம்மா, இவர் ஒரு மடக்குக்கு இதைத்தான் குடிக்க வேண்டும், உங்கள் டம்ளரில் இப்படி ஏழு இருக்கிறது" என்றார். அத்தை குப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் சாத்துக்குடி முழுவதையும் மாடி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது பதினொரு மணிக்குக் குப்பியில் தயிரும் பொட்டுக்கடலையும் அடித்துக் கொண்டுவந்து நிற்கிறார். நிற்பது மட்டும் மாறவில்லை.

ஸ்ட்ரா வேண்டாம், காற்று உள்ளே போய் உப்பும் என்றார். சோடா வகை எதுவும் கூடாதாம். வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், குடித்தது எதுவும் தங்காமல் போனால், ஒரு நாள் பார்ப்போம் என்று வீட்டில் உட்காராமல் உடனே வரச் சொன்னார். தயாமின் என்ற வைட்டமின் குறைந்து நரம்பைப் பாதிக்குமாம். இளநீர் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். சித்திரைத் திருவிழா வேறு வருகிறது, மாசி வீதிகளில் பந்தல் பந்தலாகக் கொடுப்பார்களே, அதில் எதைத் தொடலாம்?

ஜூஸ்கடை_பாண்டியன்
இளநீரில் வழுக்கை கட்டாத இளங்காயாகக் கேளுங்கள்; முற்றினால் இனிப்பு ஏறும். ஒரே மூச்சில் வேண்டாம், வீட்டுக்கு வாங்கிப் போய்ப் பாத்திரத்தில் ஊற்றி வைத்து மடக்கு மடக்காக. சிறுநீரகக் கோளாறோ, ரத்தக் கொதிப்புக்குச் சில வகை மாத்திரையோ இருந்தால் அதிலுள்ள பொட்டாசியத்துக்காக டாக்டரைக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள்.

பந்தலில் நீர்மோர் வாங்குங்கள், பச்சை மிளகாய்த் துணுக்கை வடிகட்டிக்கொண்டு. அதுவும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று தெரிந்த பந்தலில். ரோஸ் மில்க், ஜிகர்தண்டா பக்கம் போகாதீர்கள். பானகம் முழுக்க வெல்லம். சாமிக்குப் படைத்தது, வேண்டாம் என்று சொல்ல முடியாது என்றால் வாங்கி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அவர்தான் மிக்சி வாங்கியவர்.